ஜீப்புக்குள் நான் வைத்த பெட்டி

தெஹிவளையில் வாகனக் கமரா பொருத்தும் கடை வைத்திருக்கும் ஷர்மிளா என்னிடம் மூன்று வருடம் வேலை பழகியவர். சென்ற மாதம் வீட்டுக்கு வந்தார். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு மலர் வெளியிடப் போகிறார்களாம். அதற்கு என்னிடமிருந்து ஒரு கட்டுரை வேண்டுமாம்.

"அந்த நாளில பொலிஸ் ஜீப்புக்குள்ள வீடியோ ரெக்கோடர் செய்து பூட்டினது நீங்கதானே சேர். அதை எழுதித் தாங்கோ. இப்ப வாற பிள்ளைகளுக்கு மெமரி கார்டைப் போட்டு ரெண்டு வயரைக் குடுக்க மட்டும்தான் தெரியும்."

"அது சந்தோசமான கதை இல்லை" என்றேன்.

"பரவாயில்லை. உள்ளதை எழுதுங்கோ."

உள்ளதை எழுதினால் மலரில் போடுவார்களோ தெரியாது. போடாவிட்டாலும் எழுதியது எழுதியதாக இருக்கட்டும்.

நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மருதானையில் இரண்டு வருடம் ரேடியோ வேலை படித்தேன். புறக்கோட்டையில் ஆறு வருடம் ரேடியோ திருத்தினேன். வீடியோ டெக்குகள் வீட்டுக்கு வீடு வரத் தொடங்கியபோது வெள்ளவத்தையில் ஒரு வேலைத்தலத்துக்கு மாறினேன். என் படிப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அங்கே, சிவபாதசுந்தரம் சேரிடம் கற்றது.

வேலைத்தலம் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு மாடி வீட்டின் கீழ்த் தளத்தில் இருந்தது. சேர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறியியலாளர். முன்னொரு கலவரத்தில் அவருடைய முதல் கடை எரிந்துபோயிருந்தது. அதைப் பற்றி அவர் கதைத்து நான் கேட்டதில்லை. சத்தம் போட்டுப் பேசியதையும் கேட்டதில்லை. ஒரு டெக்கைத் திறப்பதற்கு முன் மின்விசிறியை நிறுத்துவார். தூசி எழும்பி, நாடாவைப் படிக்கிற ஹெட்டில் படியும் என்பதற்காக. விசிறி நின்று, இறக்கைகள் முழுவதும் அசைவற்றுப் போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். கழற்றிய திருகாணிகளை ஒரு வெள்ளைத் துணியில், கழற்றிய ஒழுங்கிலேயே வரிசையாக வைப்பார். எங்களையும் அப்படியே செய்ய வைத்தார்.

அவருக்கு ஒரு விடயத்தில் மட்டும் கோபம் வரும். திருத்த வந்த ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வேலை அட்டை உண்டு. நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஓர் அட்டையில் 'பழுது' என்று மட்டும் எழுதி வைத்தேன். சேர் அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"ஜோசப், பழுது எண்டு ஆரும் எழுதலாம். சாமானைக் கொண்டுவந்த ஆளுக்கே அது தெரியும். என்ன பழுது, ஏன் வந்தது எண்டு எழுதும். அது தெரியாட்டில், தெரியாது எண்டு எழுதும். பொய் எழுதாதையும்."

அதன் பிறகு பல வருடங்கள் நான் ஓர் அட்டையிலும் பழுது என்று மட்டும் எழுதவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் தமிழர்கள் நாங்கள் எங்கே தங்கியிருக்கிறோம் என்பதைப் பொலிஸில் பதிந்து, அந்தத் துண்டை அடையாள அட்டையோடு வைத்திருக்க வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வேலைக்குப் போய்வர, ஒரு நாளில் இரண்டு மூன்று முறையாவது பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில்தான் ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டர் எங்கள் வேலைத்தலத்துக்கு வந்தார். சீருடையில் வரவில்லை. வெளிநாட்டில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தபோது அங்கே ரோந்து வாகனங்களில் வீடியோ கமரா வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். தன் பிரிவிலுள்ள ஆறு ஜீப்புகளுக்கு அப்படி ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார். வெளிநாட்டுக் கருவியை வாங்க மேலிடம் சம்மதிக்கவில்லை. இங்கேயே செய்தால் ஒரு சோதனையாகப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவர் சிங்களத்தில் சொன்னது இன்றைக்கும் நினைவிருக்கிறது. "என்னுடைய ஆட்களில் நல்லவனும் இருக்கிறான், கெட்டவனும் இருக்கிறான். முறைப்பாடு வந்தால் இரண்டு பேரையும் பிரித்துக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அதைச் செய்கிற ஒரு சாமான் வேண்டும்."

சேர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வாரம் யோசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "செய்து பாப்பம். நாங்கள் செய்தால் ஒழுங்காச் செய்வம்" என்றார்.

எட்டு மாதம் அந்த வேலையில் மூழ்கிக் கிடந்தோம். முதலில் ஒரு சாதாரண டெக்கை ஜீப்பின் பின்னிருக்கைக்குக் கீழே கட்டிக்கொண்டு கொலன்னாவைப் பக்கம் போனோம். எண்ணெய் ஏற்றும் லொறிகள் ஓடி ஓடிக் குழியாகிப் போன வீதி அது. திரும்பி வந்து போட்டுப் பார்த்தால் படம் முழுவதும் கோடுகள்; நாடா உள்ளே சுருண்டு சிக்கிக் கிடந்தது. ஸ்பிரிங் வைத்தோம், ஸ்பொஞ்ச் வைத்தோம், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் நான் சைக்கிள் ரியூபைப் பட்டி பட்டியாக வெட்டி, இரும்புப் பெட்டிக்குள் டெக்கை நான்கு மூலையிலும் தொங்கவிட்டேன். அதே வீதியில் அதே வேகத்தில் போனோம். படம் அசையாமல் வந்தது. சேர் என் தோளில் ஒரு தடவை தட்டினார். அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு முறைதான்.

சாவியைத் திருப்பி எஞ்சினை எழுப்பும்போது மின்சாரம் விழுந்து டெக் நின்றுவிடும். அதற்குத் தனியாக ஒரு பற்றரி வைத்தோம். எஞ்சினை நிறுத்தின பிறகும் ஐந்து நிமிடம் பதிவு ஓட வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அந்த ஐந்து நிமிடத்தில்தான் பிரச்சினைகள் நடக்கும் என்றார். அதையும் செய்தோம். படத்தின் மூலையில் திகதியும் நேரமும் விழும்படி ஒரு மணிக்கூட்டு மின்சுற்றைச் சேர்த்தேன். கமரா முன்கண்ணாடி வழியாக வீதியைப் பார்த்தது. உள்ளே பேசுவது கேட்கட்டும் என்று கூரைத் தகட்டில் ஒரு சிறிய மைக் வைத்தேன். நிறுத்துவதற்கு ஜீப்பில் ஒரு சுவிட்சும் கிடையாது. இன்ஸ்பெக்டர் முதல் நாளே போட்ட நிபந்தனை அது.

என் சொந்த யோசனை என்று நான் பெருமைப்பட்டது ஒன்று உண்டு. வீடியோ கசெற்றின் விளிம்பில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கசெற்றில் மறுபடி பதிய முடியாது. கல்யாண வீடியோவை யாரும் தவறுதலாக அழித்துவிடாமல் இருக்க எல்லோரும் அதை உடைப்பார்கள். எங்கள் இரும்புப் பெட்டியின் மூடியைத் திறந்தால், ஒரு சிறு நெம்பு தானாகவே அந்தப் பல்லை உடைத்துவிடும்படி செய்தேன். பெட்டிக்குள் ஒரு தடவை பதிந்தது, பதிந்ததுதான். அதை வரைந்து காட்டியபோது சேர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இது கண்டுபிடிப்பு" என்றார்.

ஆறு ஜீப்புகளிலும் பெட்டிகள் ஏறின. மாதம் ஒருமுறை அவற்றைத் துப்பரவு செய்வது என் வேலை. விசாரணைக்கு யாராவது நாடாவைக் கேட்டால், அதை எங்களிடம் அனுப்பி, பார்த்து, கருவி எப்படி இருந்தது என்று ஓர் அறிக்கை வாங்க வேண்டும் என்பது ஒழுங்கு. அறிக்கையில், நாடாவைப் பார்த்த தொழில்நுட்பவியலாளரும் சேரும் கையெழுத்து வைக்க வேண்டும்.

பெட்டி வேலை செய்ததா என்று கேட்டால், செய்தது என்றுதான் சொல்வேன். ஒரு நாள் பின்னேரம் வேலை முடிந்து போகும்போது காலி வீதியில் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பதிவுத் துண்டை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். ஏறி உட்கார்ந்து பார்த்தால், அது எங்கள் ஆறில் ஒன்று. கமராவைத் தாங்கும் தகட்டில் ஓர் ஆணி தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சாரதியிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, டாஷ்போர்டிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தந்தார். கைதியாக இருந்துகொண்டே என் ஆணியை நான் இறுக்கினேன். இரண்டு மணித்தியாலத்தில் விட்டுவிட்டார்கள். ஒருவரும் கை வைக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போய் என் மனைவி பிலோமினாவிடம், "பெட்டி இருந்தபடியால்தான்" என்றேன். அப்படி நம்ப எனக்கு ஆசையாக இருந்தது.

பெட்டிகளை ஜீப்புகளில் பூட்டி ஒரு வருடம் ஆகவில்லை. அன்டன் செத்துப்போனார்.

அன்டன் எங்கள் கொட்டாஞ்சேனைப் பையன். முப்பது வயது, துறைமுகத்தில் சரக்கு எண்ணிப் பதிகிற கிளார்க். அவருடைய அக்கா ரெஜினா டீச்சர் என் மகளுக்கு நாலாம் வகுப்பில் படிப்பித்தவர். அப்பா இல்லாத குடும்பம். தாயும் அக்காவும் அன்டனும்தான். தாய் முதல் பிரசவத்துக்குப் போகாமல் இரண்டாவதற்கு மன்னாரிலுள்ள தன் தாய்வீட்டுக்குப் போனபடியால், அன்டனின் அடையாள அட்டையில் மட்டும் பிறந்த இடம் மன்னார் என்று இருந்தது. வடக்கில் பிறந்தவர் என்றாலே அப்போது சந்தேகம். ஒரு பின்னேரம் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்தவரை மறித்து, விசாரிக்க வேண்டும் என்று ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த ஜீப்பின் கதவைத் திறந்து குதித்துவிட்டார், தலை அடிபட்டுச் செத்துவிட்டார் என்று அறிவித்தார்கள்.

செத்தவீட்டுக்குப் போனேன். அங்கேதான் அது எங்கள் ஆறு ஜீப்பில் ஒன்று என்று தெரிய வந்தது. வெளியே சொல்லவில்லை. மனதுக்குள் ஒரு நிம்மதி இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நாடா இருக்கும்; என்ன நடந்திருந்தாலும் அதில் இருக்கும் என்று நினைத்தேன்.

நீதவான் நாடாவைக் கேட்டார். ஒரு காலை பத்து மணியளவில் அந்தப் பிரிவின் சார்ஜன்ட் ஒருவர் அதைக் கடித உறையில் போட்டுக் கொண்டுவந்தார். "மெஷின் வேலை செய்யவில்லை. அப்படி ஒரு கடிதம் வேண்டும். மத்தியானம் வந்து எடுக்கிறேன். நாடாவையும் திருப்பித் தர வேண்டும்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

உறையைத் திறந்தேன். கசெற்றின் பல் உடைந்திருந்தது. என் நெம்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் உடைந்த இடத்துக்கு மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டியிருந்தது. அந்த ஓட்டையை மூடிவிட்டால் டெக் ஏமாந்துவிடும், மறுபடி பதியலாம். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். அதை எப்படி நான் யோசிக்காமல் விட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கண்டுபிடிப்பு என்று என்னைப் புகழ்ந்த சேரும் யோசிக்கவில்லை.

சேர் வழமைபோல விசிறியை நிறுத்தினார். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். முதலில் ரோந்து. வீதி, பஸ்கள், ஒரு சந்தி. பிறகு அன்டனை மறிக்கிறார்கள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அடையாள அட்டையை நீட்டுகிறார். அமைதியாகத்தான் நிற்கிறார். ஏற்றுகிறார்கள். ஜீப் ஓடுகிறது. படம் வானவில் நிறத்தில் இரண்டு மூன்று விநாடி கலங்குகிறது. அதன் பிறகு ஒரு சுவர்.

ஒரு வாகனத் தரிப்பிடத்தின் சுவர். நாற்பது நிமிடத்துக்கு அந்தச் சுவர். மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. திகதி அன்டன் செத்து இரண்டு நாளுக்குப் பிந்தியது. ஜீப்பை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, அதே பெட்டிக்குள் நாடாவைப் போட்டு, மேலே பதிந்திருக்கிறார்கள். திகதி விழும் என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

சுவர் முடிந்தது. ஒரு கணம் வெறும் புள்ளிகள். பிறகு பழைய பதிவு மறுபடி வந்தது. அவர்கள் கணக்குப் போட்டதில் சற்றுக் குறைந்துவிட்டது.

ஜீப் நின்றுகொண்டிருந்தது. முன்னால் ஒரு மதில், ஒரு மின்கம்பம், அதில் கிழிந்த ஒரு சுவரொட்டி. கம்பம் அசையவே இல்லை. எஞ்சின் சத்தமும் இல்லை. மூலையில் இருந்த நேரம், அவர் குதித்ததாகப் பொலிஸ் சொன்ன நேரத்துக்கு எட்டு நிமிடம் முன்னால். பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஏதோ பாரமானது இழுபடுகிற சத்தம். கதவு மூடியது. "சரி, இப்ப போவம்" என்று சிங்களத்தில் ஒரு குரல். எஞ்சின் எழும்பியது. மின்கம்பம் மெதுவாகப் படத்தைவிட்டு விலகியது. ஜீப் ஓடி, கடைசியில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அன்டனின் குரல் எங்கேயும் இல்லை.

நான் நிறுத்தி, பின்னுக்குச் சுற்றி, மறுபடி போட்டேன். சேர் மூன்றாம் முறை வேண்டாம் என்று கை காட்டினார்.

எங்கள் மேசையில் எப்போதும் இரண்டு டெக்குகள் ஒன்றோடொன்று இணைத்தபடி இருக்கும், பிரதி எடுப்பதற்கு. இரண்டாவது டெக்கில் வெறும் கசெற் ஒன்று கிடந்தது. பதிகிற பொத்தானை அழுத்தினால் போதும். என் விரலை அதன்மேல் வைத்தேன்.

"ஜோசப்" என்றார் சேர். "கையை எடும்."

எடுத்தேன்.

"நான் உமக்கு ஒண்டு சொல்லுறன். நான் யாழ்ப்பாணத்தான். எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளைகள். நாங்கள் எங்க இருக்கிறம் எண்டு பொலிஸிட்ட எழுத்தில இருக்கு. உம்மட வீடும் இருக்கு. நாங்கள் இதில உள்ளதை எழுதினால், நாளைக்குப் பின்னேரம் நாங்கள் ரெண்டு பேரும் அந்த ஜீப்பில."

"அந்தப் பையனை எனக்குத் தெரியும் சேர். அக்காவையும் தெரியும்."

"தெரிஞ்சால் என்ன. எழுதினால் அவன் எழும்பி வருவானே?"

அவர் தன் மேசைக்குப் போனார். வழக்கமாகப் பென்சிலால் எழுதுகிற மனிதர், அன்றைக்குத் தட்டச்சில் ஒரு தாளை அடித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்தபோது அவருடைய கையெழுத்து ஏற்கனவே இருந்தது. கருவி பழுதடைந்திருந்ததால் குறித்த நேரத்தில் பதிவு நடைபெறவில்லை. அவ்வளவுதான். என்ன பழுது, ஏன் வந்தது, ஒன்றும் இல்லை.

"பழுது எண்டு மட்டும் போட்டிருக்கு சேர்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓம். மட்டும்தான். வையும் கையெழுத்தை."

வைத்தேன். மத்தியானம் சார்ஜன்ட் வந்து தாளையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு போனார்.

நான்கு நாள் கழித்து ரெஜினா டீச்சர் வேலைத்தலத்துக்கு வந்தார். பாடசாலை முடிந்த கையோடு வந்திருக்க வேண்டும், கையில் பயிற்சிக் கொப்பிகள் இருந்தன. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஜோசப் அண்ணன், ஒண்டே ஒண்டு கேக்கத்தான் வந்தன். மெஷின் பழுது எண்டு சொல்றாங்க. கையெழுத்து வச்சது நீங்க எண்டும் சொல்றாங்க. உண்மையா பழுதா?"

உள்ளறையில் சேர் இருந்தார். அவர் கதிரை அசையும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"ஓம் டீச்சர். பழுதுதான். ரோட்டுக் குழியில விழுந்தா சில நேரம் நிண்டுபோகும்."

கேட்காமலே ஒரு காரணத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். தாளில் எழுதாத காரணம். குழியில் விழுந்தால் நிற்காத பெட்டி அது. நிற்காமல் இருக்கத்தான் எட்டு மாதம் வேலை செய்தேன்.

"அப்ப அதில ஒண்டுமே இல்லை?"

"இல்லை டீச்சர்."

"அவன்ட குரல்கூட?"

"இல்லை."

அது ஒன்றுதான் நான் சொன்ன உண்மை. டீச்சர் கொப்பிகளை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு, "சரி, நான் போய் அம்மாட்ட சொல்றன்" என்றுவிட்டுப் போனார்.

அந்த வாரத்திலேயே இன்ஸ்பெக்டரும் வந்தார், முதல் தடவை போலச் சீருடை இல்லாமல். சேர் வெளியே போயிருந்தார். இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்திவிட்டு என்னைக் கேட்டார். "ஜோசப், உண்மையாகவே பழுதா? எனக்கு மட்டும் சொல். நாடாவை நான் பார்க்க முதல் மேலே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நீ ஒரு வார்த்தை சொன்னால் நான் போய்க் கேட்பேன்."

அவரை நம்பலாமா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும், நம்பியிருக்கலாம். அன்றைக்கு அவர் எனக்கு ஒரு பொலிஸ்காரர் மட்டும்தான்.

"பழுதுதான் சேர்" என்றேன்.

அவர் தலையாட்டினார். "அப்படியென்றால் பிழை என்னுடையது. நான்தான் இந்தச் சாமானை நம்பச் சொன்னேன்" என்றார். வேலை செய்யாத கருவியைத் தெரிவு செய்தவர் என்று காரணம் காட்டி, ஒரு மாதத்தில் அவரைத் தூர இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

விசாரணையில் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். இருந்தும் மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் கேட்டார்கள். இது உங்கள் கையெழுத்தா? ஆம். கருவி பழுதா? ஆம். போகலாம். இரண்டு சொல் சொல்லிவிட்டு இறங்கினேன். டீச்சரும் தாயும் முன்வரிசையில் இருந்தார்கள். நான் பக்கவாட்டுக் கதவால் வெளியே போனேன். தப்பியோட முயன்றபோது நேர்ந்த மரணம் என்று முடிந்தது.

புதிதாக வந்த பொறுப்பதிகாரி செய்த முதல் காரியம், ஜீப்புகளை எங்களிடம் அனுப்பி, பதிவை நிறுத்த ஒரு சுவிட்ச் வைக்கச் சொன்னது. சேர் என்னிடம் தந்தார். சாரதியின் முழங்காலுக்குப் பக்கத்தில், வெளியே தெரியாதபடி, விரலால் தடவினால் அகப்படும் இடத்தில் வைத்தேன். வயர்களைக் கம்பளத்துக்குக் கீழே ஓட்டி மறைத்தேன். ஒழுங்கான வேலை. ஆறு ஜீப்புக்கும் ஒரு கிழமை பிடித்தது. அதற்குப் பிறகு எங்களிடம் அறிக்கை கேட்டு ஒரு நாடாவும் வரவில்லை. ஒன்றிரண்டு வருடத்தில் பெட்டிகளையும் கழற்றி எங்களிடமே கொடுத்துவிட்டார்கள்.

பெட்டி வீணாகவில்லை. ஒரு சாரதிப் பயிற்சிப் பாடசாலைக்காரர் இரண்டை வாங்கிப் பயிற்சிக் கார்களில் பூட்டினார். பழகுபவர்கள் தாங்கள் விட்ட பிழையைத் தாங்களே பார்த்துச் சிரித்தார்கள். மாளிகாவத்தையில் ஒருவர் மீன் ஏற்றுகிற குளிரூட்டி லொறிக்குக் கேட்டார். ஒரு தனியார் ஆம்புலன்சில் ஒன்று வைத்தோம். நோயாளியை ஏற்றும்போது எங்கே தாமதம் ஆகிறது என்று அவர்கள் அதில் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். எல்லாம் நன்றாக வேலை செய்தன. அந்த வேலைகளில் எனக்கு ஒரு சந்தோசமும் வரவில்லை.

நெம்புக்கும் ரியூப் பட்டிக்கும் சேர் காப்புரிமை எடுத்தார், தன் பெயரில் மட்டும். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பெயரையும் போட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பெட்டியில் என் பெயர் வர நான் விரும்பவில்லை. சில வருடத்தில் அவர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். விமான நிலையத்துக்குப் போகிற நாள் காலையில் வேலைத்தலத்தின் சாவியை என் கையில் தந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நின்றேன். "விசிறியை நிப்பாட்டிப்போட்டுத் திறவும்" என்றார். அவ்வளவுதான். அங்கேயே செத்துப்போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் பொத்தானில் இருந்தது என் விரல், அவருடையது அல்ல.

யுத்தம் முடிந்தது. பதிவுத் துண்டு இல்லாமல் போனது. பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொள்ளக்கூடிய காலம் வந்த பிறகும் பல வருடம் நான் வாயைத் திறக்கவில்லை. பயம் போன பிறகு வெட்கம் வந்துவிட்டது. பிலோமினா போன வருடம் இறந்தார். அவரிடமும் சொல்லவில்லை. அவருடைய முப்பத்தோராம் நாள் பூசைக்கு ரெஜினா டீச்சரும் வந்திருந்தார், தலை முழுவதும் நரைத்து. என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். எனக்கு அது தாங்கவில்லை. அடுத்த கிழமை ஒரு காலையில் அவர் வீட்டுக்குப் போனேன்.

தனியாக இருந்தார். பால் விடாமல் பிளேன்ரீ ஊற்றித் தந்தார். நான் அதைத் தொடாமல் சொன்னேன்.

"டீச்சர், அண்டைக்கு மெஷின் பழுதில்லை."

அவர் கதிரையை இழுத்து எனக்கு எதிரே இருந்தார். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பிள்ளையிடம் பாடம் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அப்ப என்ன இருந்தது?"

சொன்னேன். சுவர், திகதி, மின்கம்பம், கதவுச் சத்தம், எல்லாம்.

"ஜீப் நிண்டு இருந்தது?"

"ஓம்."

"நல்லாத் தெரியுமா?"

"கம்பம் அசையேல்லை டீச்சர். எஞ்சினும் ஓடேல்லை."

"அவன் குதிக்கேல்லை."

"இல்லை."

"நாடாவைக் கொப்பி எடுத்தீங்களா?"

"இல்லை."

"எடுக்கேலாமப் போச்சா, எடுக்கேல்லையா?"

"எடுக்கேல்லை. பயத்தில."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மீன்காரன் கூவிக்கொண்டு போனான்.

"பயம் எனக்கு விளங்கும்" என்றார். "அப்ப எல்லாருக்கும் பயம். கோர்ட்டில ஒண்டும் நடந்திராது, அதும் எனக்குத் தெரியும். ஆனா அண்டைக்கு நான் வந்து கேக்கேக்க, ஒருத்தருக்கும் சொல்லாதீங்க டீச்சர் எண்டு சொல்லி என்ட காதில மட்டும் சொல்லியிருக்கலாம். நான் ஒருத்தருக்கும் சொல்லியிருக்க மாட்டன். அம்மாக்கு மட்டும் சொல்லியிருப்பன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அம்மா அதுக்குப் பிறகு பதினாலு வருசம் இருந்தா. அவன் குதிச்சவன் எண்டுதான் நம்பிக்கொண்டு இருந்தா. மெஷின் பழுது எண்டு நீங்க சொன்னதை நான்தானே வந்து சொன்னன். ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி அவன்ட படத்துக்கு முன்னால நிண்டு ஏசுவா. 'ஏன்டா குதிச்சாய், கொஞ்சம் பொறுமையா இருந்திருந்தா விட்டிருப்பாங்களே, உனக்கு எப்பவும் அவசரம்' எண்டு. கடைசி நாளும் அதைத்தான் சொன்னா. அவனோட கோவிச்சுக்கொண்டுதான் செத்தா."

மன்னியுங்கள் என்று சொல்லத்தான் போனேன். அதைச் சொல்லவில்லை.

டீச்சர் எழுந்து, நான் குடிக்காத பிளேன்ரீயை எடுத்துக்கொண்டு போய்க் குசினித் தொட்டியில் ஊற்றினார். திரும்பி வந்து கதவைத் திறந்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றார்.

"சொன்னதுக்கு நன்றி, மிஸ்டர் ஜோசப். இனி இங்க வர வேண்டாம்."

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.